பேடௌலுங்க

செருப்பைக்கூடக் கழற்றாமல், தோளில் தொங்கும் பையையும் இறக்காமல், மங்கையர்க்கரசி மேசையைச் சுற்றி வந்து முதலில் ஒரு தென்னை மரத்தைப் பிடுங்குகிறார். அப்புறம் ஒரு கார். அப்புறம் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நாய். எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் மற்றவர்கள் ஒட்டி வைத்துவிட்டுப் போனவை. சின்ன இடுக்கியால் கவ்வி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறார். குரல் மட்டும் பட்டறையைத் தாண்டித் தெருமுனையில் டீ குடிப்பவர்கள் வரை போகிறது.

"நாயாங்க இது? கன்னுக்குட்டியாட்ட நிக்குது. அந்தக் கதவுக்குள்ள இது எப்புடிங்க நொழையும்? பேடௌலுங்க. சுத்தப் பேடௌலு."

நாச்சாரம் தொழிற்பேட்டையில் ஒரு பக்கம் ஊறுகாய் போடும் கம்பெனி, இன்னொரு பக்கம் இரும்பு கேட் அடிக்கிறவர், நடுவில் மங்கையின் பட்டறை. ஐதராபாத்தில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அஸ்திவாரக் குழி தோண்டும்போதே வீடுகளை விற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வாங்க வருகிறவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டுமே! மேசைமேல் நிற்கும் சின்னக் கட்டடம், ஜன்னலுக்குள் எரியும் விளக்கு, சுற்றிலும் புல்தரை, ஊஞ்சலில் ஒரு குழந்தை, எல்லாம் நிஜத்தில் நூறில் ஒரு பங்கு. அந்த மாதிரிக் கட்டடங்களைச் செய்வதுதான் மங்கையின் தொழில். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பொடியாக்கிப் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பியில் ஒட்டினால் வேப்பமரம். அதே பஞ்சைக் கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டால் ஆலமரம், அன்றைக்குப் பட்டறையில் பிரளயம்.

பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, இங்கேயே பிறந்த மகள் தாரிணி காலேஜை முடித்தாகிவிட்டது. இருந்தும் மங்கையின் நாக்கிலிருந்து கோவை இறங்கவில்லை. இந்த ஊர் உருதுவையும் கோவை மரியாதையோடுதான் பேசுவார். வேண்டாம் என்பதற்கு ஊரே 'நக்கோ' என்கிறது; மங்கை 'நக்கோங்க' என்பார். ஆமாம் என்றால் 'ஹவ்வுங்க'. காய்கறி வண்டிக்காரர் முதலில் திகைப்பார், பிறகு சிரிப்பார், கடைசியில் ஒரு கைப்பிடிக் கொத்தமல்லி சும்மாவே போடுவார்.

பேடௌல் என்ற சொல் ஹமீத் பாயிடமிருந்து வந்தது. மாதிரிகளை நிறுத்தி வைக்கும் மேசைகளைச் செய்து தருகிற தச்சர் அவர். ஒரு முறை மேசைக்குக் கால் தடித்துப் பலகை மெலிந்துபோய்விட்டது. அவரே தள்ளி நின்று பார்த்து, தலையை ஆட்டி, "பேடௌல் ஹோகயா" என்றார். மங்கை அர்த்தம் கேட்டார். ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாமல் போவது என்று அவர் கைகளை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான், மங்கைக்குப் புதையல் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏனுங்க, இத்தன வருசமா இந்த ஒரு வார்த்தை இல்லாமத்தான் நான் கத்திக் கத்திச் செத்தேன்" என்று அறிவித்தார்.

கணவர் சம்பந்தம், தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ரசாயன விஞ்ஞானி. உப்பைக்கூட விரல் நுனியில் எடுத்து, ஒரு முறை உதறிவிட்டுப் போடுகிறவர். தமிழில் இல்லாத சொல்லா என்று அவருக்கு ரோஷம் வந்தது. 'அளவு கெட்டது' என்றார். அது ஆளைத் திட்டுவது, மேசையைத் திட்ட முடியாது என்று மங்கை தள்ளிவிட்டார். 'பாந்தமில்லாதது' என்றார். அது சேலைக்கும் ரவிக்கைக்கும் சொல்வது. விடாமல் 'பொருத்தமின்மை' என்றார் சம்பந்தம். அதைக் கொண்டுபோய் உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள் என்று பதில் வந்தது.

அன்றுமுதல் அந்தச் சொல்லை மங்கை சும்மா விடவில்லை. ஆனால் கண்டபடி இறைக்கவும் மாட்டார், அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பெரிதாக இருப்பதெல்லாம் பேடௌல் இல்லை. யானை பேடௌல் இல்லை. அதன் குட்டி வால்கூட இல்லை, அது யானைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. அசிங்கமாக இருப்பதும் இல்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒவ்வாமல் போனால்தான் அந்தப் பெயர். கோட்டை போன்ற கேட்டில் தீப்பெட்டி அளவுக்குப் பெயர்ப்பலகை பேடௌல். மூன்று பேர் குடும்பம் கட்டிய எட்டு குளியலறை வீடு பேடௌல். கல்யாண மேடையில் பூ அலங்காரத்துக்குள் மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தால், பந்தியில் உட்கார்ந்தபடியே உரக்கச் சொல்லிவிடுவார். பக்கத்து இலைக்காரர் பெண் வீட்டுக்காரராக இருந்தாலும் கவலையில்லை.

போகப் போக மனிதர்களின் மனசுக்கும் அது போனது. சின்ன உதவிக்கு நீள நன்றிப் பேச்சு, பேடௌல். பெரிய துரோகத்துக்கு 'சாரி' என்று ஒரு வார்த்தை, அதுவும் பேடௌல்.

இதையெல்லாம் தராசு பிடித்துச் சொல்கிற அம்மாளிடம் சொந்தமாகத் தராசு உண்டா என்றால், அதுதான் வேடிக்கை. ஒரு துளிகூடக் கிடையாது. நாலு பேர் ஒரம்பரையாக விருந்துக்கு வந்தால் நாற்பது பேருக்குக் குழம்பு கொதிக்கும். தாரிணி பள்ளிக்கூடத்தில் ஓவியத்தில் மதிப்பெண் குறைவாக வாங்கியதற்கு வீடு இரண்டு பட்டது. அதே தாரிணி சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தபோது, "செரி, ஆஸ்பத்திரில லேட்டாகும், ரெண்டு இட்லி தின்னுட்டுப் போலாம்" என்றார். சம்பந்தத்துக்கு நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்றும் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரித் திரைச்சீலை ஜன்னலைவிடக் குட்டையாக இருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை. "கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்பார் சம்பந்தம். தாரிணி தமிழைக் கேட்டுக்கொள்வாள், பதிலை வேறு மொழியில்தான் தருவாள். "மம்மி, யூ ஆர் த பேடௌல்" என்று ஒரு நாள் சொன்னாள். மங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூசணிக்காய் நிஜமாகவே போனது.

மங்கை வெகுகாலம் இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்தவர். சொந்தமாக ஷட்டர் தூக்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டடக்கலை படித்த ரோகிணி, அக்கா அக்கா என்று நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடவே வந்திருந்தாள். அதுவரை கிடைத்ததெல்லாம் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சில்லறை வேலைகள். முதன்முதலாக மாதாப்பூரில் ஒரு முப்பது மாடிக் கோபுரம் கைக்கு வந்தது. கட்டுகிற கம்பெனியின் விற்பனைத் தலைவர் கிருஷ்ணகுமார், மெட்ராஸ்காரர். இது நன்றாக அமைந்தால் இனி எங்கள் மாதிரிகளெல்லாம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அமையாவிட்டால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, மங்கையும் ரோகிணியும் பழைய முதலாளியிடம் போய் நிற்க வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும்.

ஞாயிறு மாலை மாதாப்பூரில் மாதிரியைத் திறந்து காட்டும் விழா. காலையில் கோபுரத்தைக் குட்டியானையில் ஏற்றினார்கள். நம் ஊரில் குட்டியானை என்கிற அந்தச் சின்ன சரக்கு வண்டியில், மெத்தை விரித்து, நாலு பக்கமும் பஞ்சு மூட்டை அணை கொடுத்து, ரோகிணி கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்றும்போது ஒரு தெருவிளக்கு நூலளவு சாய்ந்துவிட்டது. அதற்கு மங்கை போட்ட கூச்சலில் ஊறுகாய் கம்பெனி வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். டிரைவர் பயந்துபோய் ஊர்வலம் போகிற வேகத்தில்தான் ஓட்டினார். மங்கை முன்சீட்டில் இருந்தபடி, "மெல்லங்க, மெல்லங்க, பிள்ளைத்தாச்சி வண்டியில இருக்காப்புல நெனச்சுக்கங்க" என்று வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தார்.

ஹப்சிகுடா தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து ரோகிணியின் அலறல்.

கோபுரம் நடுவில் முறிந்திருந்தது. அடிப்பாகம் அப்படியே நின்றது. மொட்டைமாடித் தோட்டத்தோடு மேல்பாகமும் பஞ்சு மூட்டைமேல் முழுசாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாடி நொறுங்கி, மெத்தை முழுவதும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் சில்லுகளாகக் கிடந்தன. ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டிரைவர் தலையில் கை வைத்தபடி ரோட்டிலேயே குந்திவிட்டார். இனி மங்கை என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்றுதான் இருவரும் பயந்தார்கள்.

மங்கை எட்டிப் பார்த்தார். ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார்.

"செரி. மொதல்ல ஆளுக்கொரு டீ குடிங்க கண்ணு. பொறவு தார்நாகாவுக்கு வண்டிய விடுங்க, நம்மூட்டு கார் ஷெட்டுல வெச்சுப் பாக்கலாம்."

அடுத்த சில மணி நேரம் தார்நாகா குடியிருப்பு அதுவரை பார்க்காத வேகத்தைப் பார்த்தது. சம்பந்தம் காரை வெளியே தள்ளினார். மேசை விளக்கு வந்தது, ரம்பம் வந்தது, அக்ரிலிக் தகடுகளை ஒட்டும் திரவத்தைச் சம்பந்தமே ஊசியில் ஏற்றிக் கொடுத்தார். நாற்பது வருஷப் படிப்புக்கு அன்றுதான் மனைவியிடம் ஒரு சபாஷ் கிடைத்தது. ரோகிணியின் கண்ணீர் காய்ந்துவிட்டது. ஒயர்களை ஒன்றோடொன்று இணைத்து விளக்குகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மங்கையின் கை ஒரு நொடியும் நிற்கவில்லை. சாயும் தெருவிளக்குக்குக் கூப்பாடு போட்டவர், சாய்ந்துபோன கோபுரத்தின் முன்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். எல்லோருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஜெயித்துவிடலாம் என்றே தோன்றியது.

ஆனால் நொறுங்கிய ஆறு மாடியை எங்கே போய்க் கொண்டுவருவது? லேசரில் தகடு வெட்டிக் கொடுக்கும் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. போன் அடித்துப் பார்த்தார்கள். கடைக்காரர் யாரோ கல்யாணத்துக்கு வாரங்கல் போயிருந்தார். ரோகிணிதான் மெதுவாகச் சொன்னாள், அந்த ஆறையும் விட்டுவிட்டு மேல்பாகத்தை அப்படியே இறக்கி ஒட்டிவிடலாம் என்று. வெளியே பார்த்தால் ஒட்டுத் தெரியாது.

மங்கை அப்போதுதான் கையை நிறுத்தினார்.

"பேடௌலாயிருமே கண்ணு" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சன்னமாக அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

யாரும் மாடியை எண்ணப் போவதில்லை என்றார் சம்பந்தம். முறிந்ததை எடுத்துப்போய் நின்றால் இன்றைக்கே எல்லாம் முடிந்தது. ஒட்டிக் கொண்டுபோய், நாளைக்கு லேசர் கடை திறந்ததும் சரிசெய்துவிடலாம். கேட்டால் சொல், கேட்காவிட்டால் விட்டுவிடு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் அளவாகப் பேசு என்று கெஞ்சினார். மங்கை ரோகிணியைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த தவிப்பே அவருக்குப் போதும். தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்தார்.

மாதாப்பூரில் மண்டபம் நிறைந்திருந்தது. துணியை விலக்கி விளக்கைப் போட்டதும் ஒருசேர 'ஹா' என்று சத்தம் எழுந்தது. ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம், கீழே குளத்தில் நீல வெளிச்சம், ஊஞ்சலில் குழந்தை. கைதட்டினார்கள். சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். ரோகிணி சந்தோஷத்தில் மங்கையின் கையைக் கிள்ளினாள். கிருஷ்ணகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அசத்திட்டீங்க மேடம். அடுத்து ரெட்டை டவர் வருது. அது உங்களுக்குத்தான், நான் சொல்லிட்டேன்" என்றார்.

மங்கை நன்றிகூடச் சொல்லவில்லை. கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று கிருஷ்ணகுமார் கேட்டார். தூரத்தில் ஜூஸ் டம்ளரோடு நின்ற சம்பந்தம், அப்படியே இரு, நன்றாகப் போகிறது என்று கண்ணால் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் முதுகுக்குப் பின்னால் யாரோ எண்ணுவது கேட்டது.

புருஷோத்தமன் லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கனகவல்லி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள், பேச்சில் உருதுவும் தெலுங்கும் கலந்திருக்கும். ஐந்து தலைமுறையாக ரயில்வே காலனி வீடுகளிலேயே இருந்துவிட்டு, இருபத்தேழாவது மாடியில் முதன்முதலாகச் சொந்த வீடு பதிந்திருக்கிறார்கள். புருஷோத்தமன் குனிந்து, விரலால் ஒவ்வொரு பால்கனியாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். இருபத்தேழு வருவதற்குள் மொட்டைமாடி வந்துவிட்டது. திரும்பவும் கீழிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் மொட்டைமாடி.

"கைக்கு இப்படி வருது? நீ எண்ணு பாக்கலாம்" என்றார் மனைவியிடம். ஏன் என்பதற்கு இந்த ஊரில் 'கைக்கு' என்பார்கள்.

கனகவல்லி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நிமிரவில்லை. "நம்ம வீடு இதுல லேது" என்றார். பிறகு யார் காதிலும் விழக்கூடாது என்று கணவர் பக்கம் சாய்ந்து, "நம்மள ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

மங்கை திரும்பிவிட்டார். தூரத்தில் சம்பந்தம் டம்ளர் இல்லாத கையை மெதுவாகக் கீழே அமர்த்திக் காட்டினார். மங்கை பார்த்தார், பார்க்காததுபோல் விட்டார்.

"இருக்குதுங்கம்மா. உங்கூடு இருக்குது." மண்டபமே திரும்பியது. ஒலிபெருக்கிக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். "வர்ற வழியில நாந்தான் ஒடச்சுப்போட்டேன். ஆறு மாடி போச்சு. நொறுங்கினத எடுத்துப்போட்டுட்டு ஒட்டிக் கொண்டாந்து வெச்சிருக்கறேன். இத்தன பேரு கை தட்டறீங்க, நான் வாயை மூடிட்டு நிக்கறேன். இத்தாப் பெரிய பொய்யிக்கு இத்துனூண்டு வாயிங்களா? பேடௌலுங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் உடனே மாடிகளை எண்ண ஆரம்பித்தார்கள். கிருஷ்ணகுமார் சிரித்த முகம் மாறாமல் வந்து, மங்கையின் காதருகே குனிந்து, "மேடம், அந்த ரெட்டை டவர் விஷயம் அப்புறம் பேசலாம்" என்றார். இந்தத் தொழிலில் 'அப்புறம்' என்றால் என்ன என்று தெரியாதவர்கள் கிடையாது. ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள். மங்கை குனிந்த அந்தத் தலையைப் பார்த்தார். ஆனால் மத்தியானத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் நிஜம்.

"ஹவ்வுங்க" என்றார் அவரிடம்.

கனகவல்லி இன்னும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். முகத்தில் பயம் போய் ஆர்வம் வந்திருந்தது. "அப்ப எங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டார்.

மங்கை மேசையோடு ஒட்டி நின்று வலது கட்டைவிரலை மொட்டைமாடியில் ஊன்றினார். கையைச் சாணாக விரித்து, சுண்டுவிரலை நேர்மேலே நிமிர்த்தினார். முப்பதாவது மாடி அந்த விரல் நுனியில் முடிகிறது. பிறகு இடது கை ஆள்காட்டி விரலை அந்தச் சாணின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார். கொஞ்சம் இறக்கினார். நூலளவு ஏற்றினார். நிறுத்தினார்.

"இங்கீங்க. கெழக்கால பாத்த பால்கனி. காலைல வெயிலு நேரா அடுப்படிக்குள்ள வரும். அந்தப் பக்கட்டு ஜன்னல்ல நின்னா ஏரி தெரியும்."

கனகவல்லி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அந்த விரல் நுனிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். புருஷோத்தமன் அவசர அவசரமாகப் பையில் துழாவி செல்போனை எடுத்தார். அவர் மனைவியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, இரண்டு மூன்று படம் எடுத்து முடிக்கும்வரை மங்கை அந்த விரலை அசைக்கவே இல்லை.